கரையில் பட்டாளம், கடலில் கப்பல்!
(கடலூர் முற்றுகை, 1783)



இந்த மாதச் சுவர் இதழில் நான் எழுத எடுத்துக்கொண்டது ஒரு சண்டையைப் பற்றி. ராஜா, ராணி, குதிரை, வாள் என்று இருக்கும் சண்டை இல்லை. கரையில் ஒரு படை முகாம். அதை இன்னொரு படை வளைத்துக்கொள்கிறது. ஆனால் முகாம் பிழைக்குமா பிழைக்காதா என்று முடிவு செய்தது கரையில் இருந்தவர்கள் இல்லை, கடலில் நின்ற கப்பல்கள்! அது எப்படி என்று விளக்குவதுதான் இந்தக் கட்டுரை.

"நம்ம போளூருக்கும் கடலுக்கும் என்னடா சம்பந்தம்? இங்கே இருப்பது ஜவ்வாது மலைதானே?" என்று சிலர் கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. நம் மலையில் பிறக்கும் செய்யாறு பாலாற்றில் சேர்ந்து, சதுரங்கப்பட்டினத்துக்குக் கொஞ்சம் தெற்கே கடலில் கலக்கிறது. நம் மாவட்டத்துச் சாத்தனூர் அணையைத் தாண்டிப் போகும் தென்பெண்ணை கடலூரில் கடலில் கலக்கிறது. 1782-இல் ஆங்கிலக் கப்பல்களும் பிரெஞ்சுக் கப்பல்களும் இந்தக் கடலில் முதல் சண்டை போட்டது சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே. 1783-இல் கடைசிச் சண்டை போட்டது கடலூருக்கு எதிரே. நம் ஆற்றுத் தண்ணீர் போய்ச் சேரும் இரண்டு இடத்திலும் பீரங்கி வெடித்திருக்கிறது!

முதலில் ஒரு பெயர்க் குழப்பம்

வரலாற்றுப் புத்தகத்தில் "பொள்ளிலூர்ப் போர், 1780" என்று வரும். அதை நம்ம போளூர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது இது இல்லை. அது காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள புள்ளலூர். அங்கே 10.9.1780 அன்று ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படையை அடியோடு முறியடித்தார்கள். அந்தக் காட்சியைத்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் மாளிகைச் சுவரில் பெரிய ஓவியமாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் நம்ம பக்கம் ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். 1780 ஜூலையில் ஹைதரின் பெரும்படை மைசூரிலிருந்து கீழே இறங்கியது செங்கம் கணவாய் வழியாகத்தான். அதாவது நம் ஜவ்வாது மலைக்குத் தெற்குப் பக்கமாக. பக்கத்து ஊர் ஆரணிக் கோட்டையில்தான் ஹைதர் தன் படைக்கு வேண்டிய தானியம், மருந்து, பொருள் எல்லாம் சேர்த்து வைத்திருந்தார். அதைப் பிடிக்க ஆங்கிலத் தளபதி சர் அயர் கூட் வந்து 2.6.1782 அன்று அங்கே சண்டை நடந்தது. கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. திரும்பிச் சென்னைக்கே போய்விட்டார்.

ஏன் பிடிக்க முடியவில்லை? ஒரு முக்கியமான காரணம் சாப்பாடு. ஆரணிக்கும் கடலுக்கும் நூறு கிலோமீட்டருக்குக் கிட்ட தூரம். கையில் கொண்டுவந்த அரிசி தீர்ந்தால் படை திரும்பத்தான் வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடலூர்க் கதை முழுவதும் இதைச் சுற்றியே வரும்.

ஒரு சின்னக் கணக்கு

பத்தாயிரம் சிப்பாய்கள் உள்ள ஒரு படை என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோ அரிசி. அப்படியானால்,

10,000 × ½ கிலோ = 5,000 கிலோ (ஒரு நாளைக்கு)
50 கிலோ மூட்டையாகப் பார்த்தால் 100 மூட்டை
ஒரு மாதத்துக்கு 3,000 மூட்டை!

ஒரு மாட்டின் முதுகில் இரண்டு மூட்டை ஏற்றினால் 1,500 மாடுகள் வேண்டும். அந்த மாடுகளுக்கு வைக்கோல், தண்ணீர்? பீரங்கி இழுக்கும் மாடுகள்? படையோடு வரும் சமையல்காரர், பல்லக்குத் தூக்குபவர், குடும்பங்கள்? இவர்கள் எல்லாம் அந்தப் பத்தாயிரத்தில் சேர்த்தியே இல்லை. அக்கம்பக்க ஊர்களிலோ நெல் இல்லை, ஏனென்றால் மூன்று வருஷமாகப் படைகள் போய்வந்து எல்லாவற்றையும் எரித்துவிட்டன.

இதே அரிசியைக் கப்பலில் கொண்டுவந்தால் ஒரு சில கப்பல் போதும். கப்பலுக்கு வைக்கோல் வேண்டாம், காற்று போதும். இதனால்தான் அந்தக் காலத்துப் படைகள் கடற்கரையை விட்டு விலகப் பயந்தன.

கப்பல் செய்யும் நான்கு வேலைகள்

1. அரிசி, வெடிமருந்து, குண்டு கொண்டுவந்து இறக்கும்.
2. புதிய ஆட்களைக் கொண்டுவரும். காயம்பட்டவர்களை ஏற்றிப்போகும்.
3. எதிரியின் கப்பல் வந்து இதே வேலையைச் செய்யாமல் தடுக்கும்.
4. கரைக்குப் பக்கத்தில் சண்டை நடந்தால் கடலிலிருந்தே பீரங்கியால் சுடும்.

நான்காவதற்கு உதாரணம் பரங்கிப்பேட்டைச் சண்டை (1.7.1781). கூட்டின் படையை ஹைதரின் குதிரைப்படை கடற்கரைப் பக்கமாகத் தாக்க வந்தபோது, ஒரு சின்ன ஆங்கிலக் கப்பல் கரையை ஒட்டி வந்து சுட்டு அதைக் கலைத்தது.

மூன்றாவதற்கு உதாரணம் சென்னை. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை வளைத்துக்கொண்டார். இரண்டு மாதம் ஆயிற்று. 16.2.1759 அன்று ஆறு ஆங்கிலக் கப்பல்கள் அடிவானத்தில் தெரிந்தன. மறுநாளே லாலி முற்றுகையை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்!

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. 1781 பிப்ரவரியில் கூட்டின் படை கடலூரில் மாட்டிக்கொண்டது. தரையில் ஹைதர், கடலில் பிரெஞ்சுக் கப்பல்கள், கையில் சாப்பாடு இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் அங்கேயே நின்றிருந்தால் கூட் கதை முடிந்திருக்கும். ஆனால் அவர்கள் பாய் விரித்து மொரீஷியஸ் தீவுக்குப் போய்விட்டார்கள். ஹைதர் கரையில் நின்று பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதாயிற்று. அவரிடம் குதிரை இருந்தது, யானை இருந்தது, ராக்கெட் இருந்தது. கப்பற்படை மட்டும் இந்தப் பக்கம் இல்லை.

கடலூரில் என்ன நடந்தது?

1782 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர்கள் கடலூரை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்துத் தங்கள் படைமுகாமாக ஆக்கிக்கொண்டார்கள். 7.12.1782-இல் ஹைதர் அலி இறந்தார். திப்பு சுல்தான் மேற்குக் கடற்கரைப் பக்கம் சண்டைக்குப் போய்விட்டார். 1783 மார்ச்சில் புஸ்ஸி என்ற வயதான பிரெஞ்சுத் தளபதி புதுப் படையோடு வந்து கடலூரில் தங்கினார். மைசூர்ப் படையில் ஒரு பகுதியும் அவரோடு இருந்தது.

இவர்களைத் துரத்த ஆங்கிலேயத் தளபதி ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஏப்ரல் 21-ஆம் தேதி சென்னைப் பக்கமிருந்து கிளம்பினார். இன்றைக்குப் பஸ்ஸில் சில மணி நேரப் பயணம். அவர் வந்து சேர்ந்தது ஜூன் 7. ஏறக்குறைய ஏழு வாரம்! கடலில் அவருக்குத் துணையாக அட்மிரல் எட்வர்ட் ஹியூஸின் 18 போர்க்கப்பல்கள். அரிசி, குண்டு எல்லாம் கப்பலில்தான் வந்தது.

ஸ்டூவர்ட் கடலூருக்குத் தெற்கே, இன்று கேப்பர் மலை என்று சொல்லும் மேட்டுக்கும் கடலுக்கும் நடுவில் முகாம் போட்டார். புஸ்ஸி கோட்டைக்கு வெளியே பள்ளம் வெட்டி, மண்மேடு போட்டு, பீரங்கி வைத்துக் காத்திருந்தார். 13.6.1783 அன்று விடிவதற்கு முன்பே சண்டை ஆரம்பித்தது. அன்றைக்கு மட்டும் ஆங்கிலேயர் பக்கம் செத்தவர், காயம்பட்டவர் சுமார் ஆயிரம் பேர். பிரெஞ்சு பக்கம் அதில் பாதிக்குக் கிட்ட. ஆனாலும் அன்று ராத்திரி புஸ்ஸி வெளி மண்மேடுகளை விட்டுவிட்டுக் கோட்டைச் சுவருக்குள் போய்விட்டார்.

இப்போது புஸ்ஸியின் நிலைமையைப் பாருங்கள். மூன்று பக்கம் தரை, அதில் எதிரி. நான்காவது பக்கம் கடல், அதிலும் எதிரி. கோட்டையில் இருப்பதைத் தின்று தீர்த்தால் கைதூக்க வேண்டியதுதான்.

சுஃப்ரான் வந்தார்

பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் பெயர் சுஃப்ரான். இலங்கையில் திருகோணமலையில் இருந்தார். (அதை 1782 ஆகஸ்ட் கடைசியில் ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தவர் அவரே.) அவரிடம் 15 கப்பல்கள்தான். ஹியூஸிடம் 18. ஆனாலும் கடலூர் ஆபத்தில் இருக்கிறது என்று தெரிந்து கிளம்பி வந்தார்.

சுஃப்ரானைக் கண்டதும் ஹியூஸ் சண்டைக்குத் தயாராகக் கரையை விட்டுக் கடலுக்குள் நகர்ந்தார். அந்த இடைவெளியில் ஜூன் 17-ஆம் தேதி சுஃப்ரான் கடலூருக்கு எதிரே வந்து நின்றுவிட்டார். அங்கேதான் ஒரு நல்ல வேலை செய்தார்கள். சுஃப்ரானிடம் பீரங்கி நிறைய, சுட ஆள் குறைவு. புஸ்ஸியிடம் ஆள் உண்டு. ஆகவே புஸ்ஸி தன் படையிலிருந்து 1,200 பேரைக் கப்பலுக்குக் கொடுத்தார். அதில் பாதிப் பேர் இந்தியச் சிப்பாய்கள். கோட்டையை எதிரி வளைத்து நிற்கும்போது 1,200 பேரை வெளியே அனுப்புவது என்றால் எவ்வளவு துணிச்சல் என்று யோசித்துப் பாருங்கள். கடலில் தோற்றால் கோட்டையில் எத்தனை பேர் இருந்தும் பிரயோஜனம் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

அதே சமயம் ஹியூஸின் கப்பல்களில் வேறு ஒரு எதிரி புகுந்திருந்தது. ஸ்கர்வி என்ற நோய்! ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, பல் ஆடி, எழுந்து நிற்கவே தெம்பு இருக்காது. மாதக்கணக்கில் பழம், காய்கறி இல்லாமல் உப்புக்கண்டமும் காய்ந்த ரொட்டியும் தின்றால் வரும். காரணம் வைட்டமின் சி குறைவு என்று 8-ஆம் வகுப்புப் பசங்களுக்கும் தெரியும். அன்றைக்கு அவர்களுக்குத் தெரியாது. ஆயிரத்துக்கு மேற்பட்ட மாலுமிகள் படுத்துவிட்டார்கள். குடிதண்ணீரும் குறைந்துகொண்டே வந்தது. நம்ம மலை நெல்லிக்காய் ரெண்டு மூட்டை அங்கே போயிருந்தால் வரலாறே மாறியிருக்குமோ என்னமோ!

காற்று யார் பக்கம்?

அது பாய்மரக் கப்பல் காலம். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் நிற்கும் கப்பலுக்கு வசதி அதிகம். அதுதான் எப்போது நெருங்குவது, எப்போது சண்டையைத் தொடங்குவது என்று முடிவு செய்யும். எதிர்ப்பக்கம் இருப்பவன் காத்திருக்க வேண்டியதுதான். (நாம் காற்றுக்கு எதிராகச் சைக்கிள் மிதிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.) அதனால் இரண்டு பேரும் சில நாட்கள் சுடாமலேயே இடம் பிடிக்கச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

ஜூன் 20-ஆம் தேதி மேற்கிலிருந்து காற்று நிலையாக வீசியது. கரைப்பக்கம் இருந்த சுஃப்ரானுக்கு அது சாதகம். சாயங்காலம் 4 மணி அளவில் சண்டை தொடங்கியது. இரண்டு வரிசைக் கப்பல்களும் எதிரெதிரே நின்று சுமார் மூன்று மணி நேரம் சுட்டுக்கொண்டன. இருட்டியதும் நின்றது.

|  | ஆங்கிலேயர் | பிரெஞ்சுக்காரர் |
|---|---|---|
| கப்பல்கள் | 18 | 15 |
| இறந்தவர் | 99 | 102 |
| காயம்பட்டவர் | 431 | 386 |
| மூழ்கிய கப்பல் | இல்லை | இல்லை |

கணக்கைப் பார்த்தால் சமம் மாதிரிதான் இருக்கிறது. ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை, பிடிபடவில்லை. அப்படியானால் ஜெயித்தது யார்?

இங்கேதான் விஷயம். நோயாளிகளும், அடிபட்ட கப்பல்களும், தண்ணீர்ப் பஞ்சமுமாக ஹியூஸ் சென்னைக்குத் திரும்பிவிட்டார். சுஃப்ரான் ஜூன் 23 அன்று கடலூருக்கு வந்து நங்கூரம் போட்டார். கடன் வாங்கிய 1,200 பேரையும் திருப்பிக் கொடுத்து, தன் மாலுமிகளிலும் சுமார் 1,100 பேரைக் கரையில் இறக்கினார். அதாவது கடனை வட்டியோடு திருப்பிக் கொடுத்தார்!

ஒரே நாளில் நிலைமை தலைகீழ். நேற்றுவரை மாட்டிக்கொண்டு இருந்தவர் புஸ்ஸி. இப்போது மாட்டிக்கொண்டது ஸ்டூவர்ட். அவருக்கு அரிசி கொண்டுவரும் கடல்வழி அடைபட்டுவிட்டது. கடலில் செத்தவர் எண்ணிக்கையைப் பார்த்து ஜெயித்தது யார் என்று சொல்ல முடியாது. மறுநாள் காலையில் அந்த இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஜூன் 25 அன்று பிரெஞ்சுப் படை கோட்டையை விட்டு வெளியே வந்து ஸ்டூவர்ட்டின் பள்ளங்களைத் தாக்கியது. அதில் அவர்கள் தோற்றுத் திரும்பினார்கள். எதிர்த்து நின்றவர்களில் வங்காளத்திலிருந்து அழைத்துவரப்பட்ட சிப்பாய்களும் இருந்தார்கள். துப்பாக்கி முனையில் செருகிய கத்தியோடு நேருக்கு நேர் சண்டை.

உங்களுக்குத் தெரியுமா?

★ ஜூன் 20 சண்டையில் சுஃப்ரான் தன் பெரிய கப்பலில் இல்லை. 'கிளியோபாத்ரா' என்ற சின்ன வேகக் கப்பலில் இருந்து உத்தரவு போட்டார். முந்தைய வருஷம் அமெரிக்கப் பக்கத்துக் கடலில் ஒரு பிரெஞ்சுத் தலைவர் தன் பெரிய கப்பலோடு பிடிபட்டதால் அரசாங்கம் போட்ட விதி அது.

★ அன்றைக்குச் சென்னையிலும் கடலூரிலும் கப்பல் கரையை ஒட்டி நிற்கத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். பொருளை இறக்குவது நம் மீனவர்களின் மசூலாப் படகும் கட்டுமரமும்தான். மசூலாப் படகில் ஆணியே இருக்காது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் பலகை வளைந்து கொடுக்கும், உடையாது.

★ அக்டோபர் வந்தால் வடகிழக்குப் பருவக்காற்று. புயலுக்குப் பயந்து போர்க்கப்பல்கள் இந்தக் கரையை விட்டுப் போய்விடும். 15.10.1782 அன்று சென்னையில் அடித்த புயலில் அரிசி ஏற்றிவந்த பல கப்பல்கள் நாசமாயின.

வேடிக்கையா, வேதனையா?

ஜூன் 29 அன்று 'மீடியா' என்ற ஆங்கிலக் கப்பல் வெள்ளைக் கொடியோடு கடலூருக்கு வந்தது. அதில் ஒரு செய்தி இருந்தது. இங்கிலாந்தும் பிரான்சும் ஐரோப்பாவில் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டன. எப்போது? 20.1.1783!

ஜனவரி 20-க்கும் ஜூன் 20-க்கும் சரியாக ஐந்து மாதம். கடலூர்க் கடலில் செத்த 201 பேரும், ஜூன் 13 அன்று மண்மேட்டில் விழுந்த நூற்றுக்கணக்கானவர்களும், முடிந்துபோன சண்டைக்காகச் செத்தவர்கள். அன்று செய்தியும் பாய்மரக் கப்பலில்தான் வர வேண்டும். இன்றைக்கு நாம் கைபேசியில் ஒரு நொடியில் அனுப்புகிற செய்தி அன்று வந்து சேர ஐந்து மாதம் ஆயிற்று.

ஜூலை 2 முதல் சண்டை நின்றது. பிறகு கடலூர் ஆங்கிலேயரிடமும், புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடமும் திரும்பப் போயின. திப்பு மட்டும் தனியாகச் சண்டையைத் தொடர்ந்து 11.3.1784-இல் மங்களூரில் உடன்படிக்கை செய்துகொண்டார். அத்தனை பேரும் செத்து, வரைபடத்தில் பெரிசாக ஒன்றும் மாறவில்லை.

மாறியது ஊர்களில்தான். படைகள் நடந்த பாதையெல்லாம் வயல் எரிந்தது, ஏரி உடைந்தது. 1782-இல் பஞ்சம் தாங்காமல் சென்னைக்கு ஓடிவந்த மக்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம்தான் கஞ்சித்தொட்டி. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. அங்கே வரிசையில் நின்றவர்களில் நம்ம ஆரணி, போளூர்ப் பக்கத்து ஜனங்களும் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் கருத்து

புஸ்ஸி, ஸ்டூவர்ட், ஹியூஸ், சுஃப்ரான் என்று நான்கு பெயர் நமக்குத் தெரிகிறது. கப்பலில் ஏறிய 600 இந்தியச் சிப்பாய்களில் எத்தனை பேருக்கு அதற்கு முன்னால் கடல் பழக்கம் இருந்திருக்கும்? அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. அலையில் அரிசி மூட்டை சுமந்த படகுக்காரர் பெயரும் தெரியாது. இரண்டு பக்கமும் சண்டை போட்டவர்களில் பெரும்பாலோர் நம்ம நாட்டு ஆட்கள். யார் ஜெயித்தாலும் ஊர் அவர்களுக்குச் சொந்தமாகப் போவதில்லை.

இதைப் படித்து நான் தெரிந்துகொண்டது இரண்டு. ஒன்று, கோட்டையைக் காப்பாற்றுவது சுவர் மட்டும் இல்லை, அதற்குச் சோறு வரும் வழி. இரண்டு, வரலாறு படிக்கும்போது "யார் ஜெயித்தார்?" என்பதோடு நிறுத்தாமல் "யாருக்காக? யார் செத்தார்?" என்றும் கேட்க வேண்டும்.

கடலூருக்கோ கல்பாக்கம் பக்கமோ சுற்றுலா போனால், கரையில் நின்று கடலைப் பார்க்கும்போது இந்தச் சண்டையை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மூளைக்கு வேலை (விடை இந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது!)

1. பொள்ளிலூர்ப் போர் நடந்த ஊர் எது?
2. புஸ்ஸி கப்பலுக்குக் கொடுத்த ஆட்கள் எத்தனை பேர்?
3. சமாதானச் செய்தி கொண்டுவந்த கப்பலின் பெயர் என்ன?
4. உங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்கு எவ்வளவு அரிசி ஆகிறது? அதை வைத்து 10,000 பேருக்குக் கணக்குப் போடுங்கள்.



இப்படிக்கு,
10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்,
போளூர்.